லியாங்கின் அம்மாவுக்கு ஒரு படம்

"கிட்ட வாங்கோ, இன்னும் கிட்ட," என்று கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே ஞானேந்திரன் கையால் ஆட்களைக் கூட்டினான். பெட்டிக்குள் அவனுடைய மச்சான் லியாங் டை கட்டிக் கிடந்தான். உயிரோடு இருந்தவரை அவனுக்கு டை கட்டிவிட ஒருவராலும் முடிந்ததில்லை.

செத்தவீட்டில் படமெடுத்து ஊருக்கு அனுப்புவது நம்மவர் வழக்கம். வரமுடியாதவர்கள் படத்தைப் பார்த்து அழுது முடிப்பார்கள். லியாங்கின் மனைவியும் ஞானேந்திரனின் தங்கையுமான குணேஸ்வரிக்கும் அதுதான் ஆசை. பீஜிங்கில் இருக்கும் மாமி மருமகளைக் கண்டதே இல்லை. அழக்கூட அலுப்பாயிருந்த அவளுக்கு இந்த ஒன்று மட்டும் நடந்துவிட வேண்டும்.

லியாங் அங்கே ஓவியன். ஆளில்லாத மேடையில் ஒரு மைக் மட்டும் நிற்பதுபோல் வரைந்தானாம். எந்தத் தலைவர் அதில் பேசவில்லை என்று விசாரிக்க அதிகாரிகள் வந்தார்கள். விசாரித்துக் களைத்து, படத்தோடு அதைத் தொங்கவிட்ட ஆணியையும் சந்தேகத்தின் பேரில் கொண்டுபோனார்கள். மொன்றியலுக்குத் தப்பிவந்து, பகலில் சீன அரசை எதிர்த்த மாணவர்களின் ஊர்வலங்களுக்குப் பதாகை வரைந்தான். இரவில் டவுன்டவுன் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினான். அந்தக் கழுவும் தொட்டிக்கு முன்னால்தான் இதயம் நின்றது.

ஃபிளாஷ் மினுங்கப் போகிறது என்றதும், பெட்டியைச் சுற்றி நின்ற சீன மாணவர்கள் அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல் திரும்பிக்கொண்டார்கள்.

"என்ன தங்கச்சி, உவங்கள் முதுகைக் காட்டுறாங்கள்? செத்தவனுக்கு ஒரு மரியாதை இல்லையோ?"

"கோவிக்காதேங்கோ அண்ணை. ஜூன் மாதம் இஞ்சை நடந்த ஊர்வலத்திலை ஆரோ எடுத்த படத்திலை ஒரு பெடியன்ரை முகம் விழுந்திட்டுது. அங்கை சீனாவிலை தகப்பனுக்கு வேலை போயிட்டுது."

"நான் உன்ரை மாமிக்குத்தானே எடுக்கிறன்?"

"மாமிக்குப் போற கடிதத்தை முதல் பிரிக்கிறது மாமி இல்லை."

ஞானேந்திரன் கேமராவை இறக்கினான். "அப்ப நீயாவது இஞ்சாலை பார். மனுசி உன்னைக் காண வேண்டாமே?"

"என்ரை முகத்தைக் கண்டா, ஆர் இவள் எண்டு மாமியைக் கூப்பிட்டுக் கேப்பாங்கள்."

"முகமில்லாட்டி நீ ஆரெண்டு மாமிக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் சேலை கட்டுறனான் எண்டு அவர் எழுதினவர்."

குணேஸ்வரி குளிர்கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். உள்ளே கூறைச்சேலை. கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவில் போய் நின்று, அவளும் முதுகைத் திருப்பினாள்.

ஞானேந்திரன் மறுபடி கேமராவைக் கண்ணில் வைத்தான்.

"சேலைத் தலைப்பு மடிஞ்சு கிடக்கு, தங்கச்சி. எடுத்து விடு."

எடுத்து விட்டாள்.