பெஞ்சுக்கு ஓர் ஒல்லியான ஆள்

எங்கள் கிளினிக்குக்கு வந்த சோதனை, நோயாளிகள் எல்லாரும் கொழுகொழுவென்று இருந்ததுதான்.

எய்ட்ஸ் மருந்துக்குப் பணம் தரும் பணக்கார நாட்டிலிருந்து அன்று ஓர் அதிகாரி வருகிறார். இனியும் தரலாமா, கைகழுவி விடலாமா என்று அவர்தான் எழுதப் போகிறார். எலும்பும் தோலுமாக ஒருவராவது கண்ணில் பட்டால்தான் அவர் மனம் இளகும் என்று டாக்டரம்மா முடிவு கட்டிவிட்டார். ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர்களில் அப்படி யார் இருக்கிறார்கள்? வந்தவர்களையெல்லாம் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, பிறவி ஒல்லியான எங்கள் காவலாளியின் சீருடையைக் கழற்றி, போர்வை போர்த்தி, பெஞ்சில் உட்கார வைத்தார். நர்ஸான நான் வேண்டாமென்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே.

நான் பயந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. உடைந்த ஜன்னல் கம்பியை அவசரமாக மாற்ற வந்திருந்த வெல்டர் என் வீட்டுக்காரர். ஆறு வருடமாக இங்கிருந்துதான் அவருக்கும் மாத்திரை. டாக்டரம்மாவையும் என்னையும் தவிர ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. கூட வந்திருந்த பட்டறைக் கூட்டாளிக்கும் தெரியாது. இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள்.

அதிகாரி மொழிபெயர்ப்பாளரோடு வந்தார். நேரே காவலாளியிடம் போய், மாத்திரை சாப்பிட்டால் தலை சுற்றுகிறதா என்று கேட்டார்.

"எந்த மாத்திரைங்க?" என்றான் அந்தப் புண்ணியவான்.

அதிகாரி ஒன்றும் ஏமாளி இல்லை. முகம் சிவந்துவிட்டது. நோயாளியே இல்லாத இடத்துக்கா எங்கள் மக்களின் பணம் வருகிறது, நிஜமான ஒரே ஒரு ஆளைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் இத்தோடு சரி என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நாளைக்கு வரச் சொன்னவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக எனக்குள் வந்தன. ஜன்னல் பக்கம் மட்டும் திரும்பிவிடக் கூடாது என்று தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வெல்டிங் சத்தம் நின்றது.

"நான் இருக்கேன்," என்று உள்ளே வந்தார் என் வீட்டுக்காரர். கருவிப் பைக்குள்ளிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார். "ஆறு வருஷமா சாப்பிடறேன். இவங்க என் சம்சாரம். கேட்டுக்குங்க."

டாக்டரம்மா ஓடிப்போய் அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவுகளை எடுத்து வந்தார். அதிகாரி அவற்றைப் பார்த்தார், இவருடைய புஜத்தைப் பார்த்தார், சிரித்தேவிட்டார். என்னைவிடத் திடமாக இருக்கிறாரே என்றார். பிறகு, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்: எங்கள் ஊரிலும் கஷ்டம் இருக்கிறது, இவ்வளவு நன்றாக இருப்பவர்களுக்கு நாங்கள் ஏன் இன்னும் தரவேண்டும்?

"பணத்தை நிறுத்துங்க சார்," என்றார் இவர். " நிறுத்திட்டு அடுத்த வருஷம் வந்து பாருங்க. அந்த பெஞ்சுக்கு யாரையும் தேட வேண்டாம். நானே உட்கார்ந்திருப்பேன்."

மொழிபெயர்ப்பாளர் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார். அதிகாரியின் சிரிப்பு நின்றது. இதை அப்படியே எழுதுகிறேன், முடிவு என் கையில் இல்லை என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். யார் கையில்தான் இருக்கிறதோ.

கம்பிச் சட்டத்தை ஜன்னலில் ஏற்றுவதுதான் பாக்கி. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஜன்னலருகே நின்ற கூட்டாளி எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"பிடிப்பா," என்றார் இவர்.

அவன் இவர் முகத்தையே பார்க்கவில்லை. தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனான். சாப்பாட்டு டப்பா சுவரோரம் கிடந்தது.

இவர் ஒரு முனையைத் தூக்கியபடியே நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அதிகாரி மேல், டாக்டரம்மா மேல், போகிறவன் மேல். வெளியே போய் மறுமுனையைப் பிடித்தேன்.

"விட்டுடாத," என்றார்.

நல்ல கனம். விடவில்லை.