கடைசிக் குழிப் புங்கை

எங்கள் ஆபீஸில் மரங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. பின்பக்கச் சுவரை ஒட்டி வரிசையாகக் குழி தோண்டி, ஆளுக்கொரு புங்கங்கன்று நட்டு, ஒவ்வொன்றின் முன்னாலும் தகரத்தில் பேர் எழுதிக் குத்தியிருந்தார்கள். ஆபீசர் ஜெயபாண்டி மதுரையில் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து போட்ட உத்தரவு அது. ஆபீஸ் பசுமையாக வேண்டுமாம். சாப்பாட்டு நேரத்தில் மின்விசிறி ஓடக் கூடாது. ஒரு பக்கம் எழுதிய தாளைத் தூக்கிப் போடக் கூடாது. சாப்பிட்டுக் கை கழுவுகிற தண்ணீர், டிபன் டப்பா அலசுகிற தண்ணீர் எல்லாம் அவரவர் கன்றுக்குத்தான் போக வேண்டும். நரிக்குடிப் பக்கம் வேறு தண்ணீருக்கு எங்கே போவது? ஆபீஸ் போர்வெல் வற்றிப்போய், குடிக்கிற தண்ணீரே வண்டியில் வந்துகொண்டிருந்த வருஷம் அது, தொண்ணூற்று மூன்று.

கடைசிக் குழி இம்மானுவேலுடையது. இம்மானுவேல் என் வீட்டுக்காரர். கன்று வைத்த மறு வருஷம் பந்தல்குடி ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனார். அவர் வேலையைக் கருணை அடிப்படையில் எனக்குக் கொடுத்தார்கள். அவர் நாற்காலி, அவர் மேஜை, மேஜை டிராயரில் அவர் பாதி தீர்த்து வைத்திருந்த தலைவலித் தைலம் எல்லாம் சேர்த்துத்தான்.

நான் அழவில்லை. அடக்கத்தன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. சர்ச்சிலும் தெருவிலும் எல்லோரும் என் கண்ணையே பார்த்தார்கள். கல்நெஞ்சுக்காரி என்று நாத்தனார் என் காதுபடவே சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும். வராத அழுகையை நான் சந்தையிலா போய் வாங்கி வர முடியும்?

வேலைக்குச் சேர்ந்த அன்றே ஹெட்கிளார்க் சங்கையா என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "இதுதாம்மா அவன் வச்சது" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டார். கூட்டிப் பெருக்குகிற குருவம்மாள் அடிமரத்தில் திருநீறு பூசி வைத்திருந்தாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்த மனுஷனுக்குத் திருநீறு. எனக்குச் சிரிப்பாவது வந்திருக்க வேண்டும், அதுவும் வரவில்லை.

மற்ற குழிகளில் எல்லாம் காய்ந்த குச்சிதான் நின்றது. கடைசிப் புங்கை மட்டும் ஆள் உயரத்தைத் தாண்டி, கிளை விட்டு, எண்ணெய் தடவின மாதிரி இலையோடு நின்றது. ஏன் என்று சில நாளில் புரிந்தது. மத்தியானம் சங்கையா டப்பாவோடு பின்பக்கம் போவார். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். தன் குழியைத் தாண்டிப் போய்க் கடைசிக் குழியில் கை கழுவுவார். அவர் வந்த பிறகு டைப்பிஸ்ட் முத்துப்பேச்சி போவாள், அவளும் அப்படியே. ஆபீஸ் மொத்தமும் இப்படித்தான், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர். செத்தவன் மரத்துக்கு யார் ஊற்றப் போகிறார்கள், நாமாவது ஊற்றுவோம் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். அடுத்தவரும் அதையேதான் நினைப்பார் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அசட்டு ஜனங்கள், சொந்த மரத்தை எல்லாம் காயப் போட்டிருந்தார்கள். நான் மட்டும் என் டப்பாவை வாசலில் அலசிக் கொட்டினேன்.

ஜெயபாண்டி பின்பக்கம் வருகிறவர் இல்லை. கன்றுகள் செழிப்பாக உள்ளன என்று மாதாமாதம் மேலே எழுதிக்கொண்டிருந்தார். அதை நம்பி ஒரு நாள் காலையில் மதுரையிலிருந்து போன் வந்தது. பசுமையான ஆபீஸுக்குப் பரிசு கொடுக்கப் போகிறார்களாம், பெரிய ஆபீசர் கிளம்பிவிட்டாராம். அப்போதுதான் ஜெயபாண்டி பின்பக்கம் வந்து வரிசையைப் பார்த்தார்.

"என்னய்யா இது, எல்லாம் வெறகா நிக்கிது?"

"தண்ணி பத்தல சார்" என்றார் சங்கையா.

"இது ஒண்ணுக்கு மட்டும் பத்துச்சாக்கும்?"

ஜெயபாண்டி தாடையைத் தடவினார். "சரி. இதுல உள்ள கெளைகள வெட்டிக் குழிக்கு ஒண்ணா ஊனுங்க. அவுக பாத்துட்டுப் போற வரைக்கும் வாடாம நின்னாப் போதும்."

குருவம்மாள் அரிவாளைக் கொண்டுவந்து கீழே போட்டாள். "நான் வெட்ட மாட்டேன் சாமி. வேணும்னா வேலைய விட்டு நிப்பாட்டிக்கிருங்க."

ஜெயபாண்டி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா பியூலா, இது ஒங்க மரம். நீங்க என்ன சொல்றீக?"

எல்லோரும் என் கண்ணைப் பார்த்தார்கள். அதே பார்வை. எனக்குச் சுள்ளென்று எரிச்சல் வந்தது. "மரந்தான சார்" என்று அரிவாளை எடுத்தேன். ஒவ்வொரு கிளையாக நானே வெட்டிப் போட்டேன். முத்துப்பேச்சி சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பச்சை வாடை அடித்தது, தோள்பட்டை வலித்தது, அவ்வளவுதான். கடைசியில் உச்சியையும் வெட்டினேன்.

பெரிய ஆபீசர் நல்ல மனுஷன். வரிசையாகப் பேரைப் படித்துக்கொண்டே நடந்தார். சங்கையாவைத் தட்டிக் கொடுத்தார். "இந்த வெயில்லயும் இம்புட்டுப் பச்சையா வச்சிருக்கீங்களே" என்றார். கடைசிக் குழிக்கு வந்ததும் நின்றுவிட்டார். பால் கசிகிற மாதிரி வெட்டுவாய்கள் ஈரமாக இருந்தன.

"இம்மானுவேல்" என்று தகரத்தைப் படித்தார். "எல்லாரும் எப்படி வளத்திருக்காங்க, இந்த ஆளு மட்டும் மொட்டையாப் போட்டிருக்காரு. பொறுப்பே கெடையாது போல. எங்க அவரு, வரச் சொல்லுங்க."

ஜெயபாண்டி சங்கையாவைப் பார்த்தார். சங்கையா தரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்.

"அவுக லீவுல இருக்காக சார்."

"எப்ப வருவாரு?"

திங்கட்கிழமை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எனக்கே பழக்கமில்லாத ஒரு சத்தம் அடிவயிற்றிலிருந்து வந்தது. அந்த மொட்டை மரத்தைப் பிடித்துக்கொண்டேன். கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது, துடைக்கவும் தோன்றவில்லை. அந்த மனுஷன் பயந்துபோய் ஓரடி பின்னால் போனார்.

"பொறுப்பான ஆளு சார்" என்றேன். "அவுக ரொம்பப் பொறுப்பான ஆளு. வெட்டுனது நாந்தான்."