வடிவு அக்காவுக்கு நேரே ஒரு டிக்

காலை பத்து நாற்பதுக்கு என் போன் சத்தம் கொடுத்தது. 'வடிவு அக்கா, குற்றாலம்: அழைத்தாயிற்று.' பக்கத்தில் பச்சை டிக். வடிவு அக்கா நான்தான். என்னை யாரும் அழைக்கவில்லை.

தம்பி காந்திமதிநாதன் மகள் ஸ்ரீவித்யாவுக்குக் கல்யாணம். நேரில் போய்ச் சொல்லவேண்டிய வீடுகளை, அப்பன் சொல்லச் சொல்ல, அவள் போனில் பட்டியலாகப் போட்டு, சொந்தக்காரர்கள் ஒன்பது பேரை அதில் சேர்த்திருந்தாள். ஒரு வீட்டில் சொல்லி முடித்து யார் டிக் போட்டாலும் ஒன்பது போனிலும் சத்தம் கேட்கும். அத்தையாச்சே என்று என்னையும் சேர்த்துவிட்டாள். எனக்குச் சொல்லவேண்டிய தம்பிதான் வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன் குத்துக்கல்வலசையில் கட்டிய வீட்டுப் பால்காய்ப்புக்குப் போனிலேயே சொன்னான். "நேர்ல வந்து கூப்பிடக் காலு வலிக்கோ?" என்றேன். "ஆமா" என்றான். நான் போகவில்லை. அதோடு பேச்சும் போயிற்று. ஸ்ரீவித்யா தாயில்லாப் பிள்ளை. மணவறையில் அவள் பக்கத்தில் நான் நிற்க வேண்டும். அழைக்காத இடத்தில் எப்படி நிற்பது?

டிக்கைப் பார்த்ததும் சேலை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டானது. சாரல் வலுத்தது. ஒருவரும் வரவில்லை.

ஒன்றேகாலுக்குப் போன் விடாமல் சத்தம் கொடுத்தது; என் பெயருக்கு ஒரேயடியாக ஐந்து செய்தி, எல்லாம் பழைய நேரம் போட்டு. பதினொன்று இருபதுக்கு டிக் நீக்கம். பதினொன்று முப்பத்தைந்துக்கு டிக். பன்னிரண்டுக்கு நீக்கம். பன்னிரண்டு இருபதுக்கு டிக். பன்னிரண்டே முக்காலுக்கு நீக்கம். பட்டியலைத் திறந்தால் என் பெயருக்கு நேரே வெறும் கட்டம்.

ஸ்ரீவித்யாவைக் கூப்பிட்டேன்.

"என்னட்டி, உங்கப்பன் என் பேர வச்சு வெளையாடுதானா?"

"அய்யோ அத்தை, அப்பா காலைலயே உங்க வீட்டுக்குத்தான் வந்தாங்க. கெளம்பும்போதே டிக் போட்டுட்டாங்க."

"இங்கன ஒருத்தரையும் காணோமே."

"சீசன் கூட்டத்துல நெட் கெடச்சிருக்காது. அவங்க போட்டது, எடுத்தது எல்லாம் போனுக்குள்ளயே வரிசையா நின்னுருக்கு. இப்ப நெட் வந்ததும் அதே வரிசையில ஒண்ணு விடாம வந்துட்டு."

"எல்லாருக்குமா?"

"ஒம்போது பேருக்கும்."

"அவனுக்குத் தெரியுமா?"

"கடைசில என்ன இருக்கோ அது மட்டுந்தான் நமக்குத் தெரியும்னு நெனச்சிருப்பாங்க. இன்னும் வீட்டுக்கு வரல, அத்தை."

அந்த வெறும் கட்டத்தை மட்டும் பார்த்திருந்தால் அவன் கிளம்பவே இல்லை என்றுதான் நினைத்திருப்பேன். இப்போது பார்த்தால், எங்கேயோ நின்றுகொண்டு இரண்டு மணி நேரமாக என்னை அழைத்திருக்கிறான், வேண்டாமென்று விட்டிருக்கிறான், மறுபடியும் அழைத்திருக்கிறான். வீம்பை மட்டும் எங்கள் அய்யா இரண்டு பேருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

என் பெயருக்குக் கீழே எழுத இடம் இருந்தது. எழுதினால் ஒன்பது பேரும் பார்ப்பார்கள். பாவூர்சத்திரத்துச் சின்னம்மை மகள் உமாதேவி, "எறங்கி வந்துட்டாளா மகராசி" என்று சிரிப்பாள். சிரிக்கட்டும்.

'வீட்லதான் இருக்கேன். குடை கொண்டாந்தியா?'

அனுப்பிவிட்டு மாடி ஜன்னலைத் திறந்தேன். தெருமுனைச் சிப்ஸ் கடைத் தகரத்தடியில், அருவியில் குளித்துவிட்டு வந்த கூட்டம் ஈரத்துண்டோடு ஒண்டி நின்றது. அதற்குள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், முகம் தெரியவில்லை, கல்யாணப் பத்திரிகைப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனை எடுத்தார். சட்டையில் துடைத்தார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.