அடியில் பூசிய தார்

என் தங்கை பச்சையம்மா செத்தது படகில். பிரசவ வலியோடு அவளைப் பழவேற்காடு ஏரி வழியாக ஏற்றிக்கொண்டு போனோம். நடு ஏரியில் காற்று நின்றுபோனது. அன்றிலிருந்து அவள் புருஷன் துலுக்காணத்துக்குக் கார்ப் பைத்தியம். இப்போது அவன் மகள் குப்பாயிக்கு மாதம் நிறைந்துவிட்டது, பைத்தியமும் முற்றிவிட்டது.

உப்பு வியாபாரி பூவராகவனிடம் ஒரு பழைய கார் இருந்தது, வெள்ளைக்காரன் விட்டுப்போனது. படகைக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்துக்கொள் என்றார். அந்த ரகக் கார் வைத்திருப்பவர் யாரையாவது முதலில் கேட்போம் என்று நான்தான் துலுக்காணத்தைக் கவரைப்பேட்டைக்கு இழுத்துப் போனேன். அங்கே ஆதிகேசவன் என்பவரிடம் அதே மாதிரி கார் ஓடிக்கொண்டிருந்தது.

“எங்களுக்குன்னு மெட்ராஸ்ல ஒரு சங்கமே கீது,” என்றார் அவர். “இந்தக் காரு வச்சிருக்கறவங்கோ சேந்துக்கினு நடத்தறோம். ஞாயித்துக்கிழமை காலையில நாங்களே பழவேற்காட்டுக்கு வந்து, அடியில பூந்து பாக்கறோம். அதுக்குள்ள வாங்கிடாதய்யா.”

துலுக்காணம் தலையை ஆட்டினான். வெள்ளிக்கிழமை பூவராகவன், வேறு ஆள் கேட்கிறான் என்று ஒரு வார்த்தை விட்டார். அவ்வளவுதான், இவன் என்னையும் இழுத்துக்கொண்டு காரிடம் ஓடினான். காருக்கு அடியில் படுத்துப் பார்த்தவன் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தான்.

“மச்சான், அடி பூரா தாரு பூசிக்கிறாங்க! உப்புக்காரரு இத்த படகு மாரி பாத்துக்கினு இருந்துகிறாரு!”

நானும் படுத்துப் பார்த்தேன். பளபளவென்றுதான் இருந்தது. எங்கள் குப்பத்தில் தார் பூசிய படகை யாரும் சந்தேகப்படுவதில்லை. படகு அன்றே கைமாறியது.

ஞாயிறு விடியும்போது குப்பாயிக்கு வலி கண்டது. அவள் புருஷன், லாரி ஓட்டும் வரதன்தான் காரை எடுத்தான். ஓட்டத் தெரியும், வண்டியைச் சோதித்துப் பார்க்கத் தெரியாது அவனுக்கு. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் பாதி தூரம்கூடப் போகவில்லை. ஒரு பள்ளம், படாரென்று சத்தம், பின்பக்கம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. வரதன் அடியில் கைவிட்டான். தார் பட்டையாகப் பெயர்ந்து வந்தது, கூடவே இரும்பும் துருவாக உதிர்ந்தது. உப்பு மூட்டை சுமந்த கார். உப்பு தின்றது போக மிச்சத்தைத் தார்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

“நைனா, முடியல!” என்று அலறினாள் குப்பாயி.

துலுக்காணம் ரோட்டில் மண்டியிட்டு மண்ணில் தலையை முட்டிக்கொண்டான். “ஆத்தாளையும் கொன்னேன், பொண்ணையும் கொல்றேனே!”

இரண்டு பக்கமும் வெட்டவெளி. நானும் கத்தினேன், யாரைக் கூப்பிட்டேன் என்று தெரியாது.

அப்போது பொன்னேரிப் பக்கமிருந்து வரிசையாகப் பழைய கார்கள் வந்தன. முதல் காரில் ஆதிகேசவன். வாங்காதே என்று சொன்ன காரைப் பார்க்க, சொன்னபடியே சங்கத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு பார்வை பார்த்தார், தன் காரின் பின்கதவைத் திறந்தார். எல்லோருமாகக் குப்பாயியைத் தூக்கி அவர் காரில் கிடத்தினோம்.

துலுக்காணம் மட்டும் ஏறவில்லை. அந்தக் காரின் அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னாய்யா பாக்கற? ஏறு!”

“தாரு இல்லியே சாமி,” என்றான் அழுதுகொண்டே. “இது போய்ச் சேருமா?”