ஒன்றரைக் கை மாப்பிள்ளை

காலை ஒன்பது பத்துக்கு ஒரு கை மட்டும் கிடைத்தது.

சிவப்பும் வெள்ளையுமாக வரி போட்ட கை. தொட்டியின் மணலில், யாரோ வைத்துவிட்டு மறந்த மாதிரி கிடந்தது. கையைப் பறிகொடுத்த இறால் பாறைக்குப் பின்னால் பதுங்கியிருந்தது. பறித்த இறால் குகை வாசலில் நின்று மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது.

மீன் டாக்டர் இடுக்கியால் கையை எடுத்துக் காகிதத்தில் வைத்தாள். வீடு வீடாக, ஆபீஸ் ஆபீஸாக மீன் தொட்டிகளைப் பராமரிப்பது அவள் தொழில். டாக்டர் பட்டம் வாடிக்கையாளர்கள் கொடுத்தது.

"யாரோடது?" என்றார் பெரியவர்.

"சின்ன சாரோடதுங்க."

முகத்தில் வந்துவிட்ட சந்தோஷத்தை மறைக்கப் பெரியவர் இருமினார்.

பெரியவரும் சின்னவரும் சகலைகள். அவர் அக்காவைக் கட்டியவர், இவர் தங்கையைக் கட்டியவர். இருவரும் கூட்டாக நடத்தும் லிஃப்ட் கம்பெனியில் பத்தொன்பது பேருக்கு வேலை. முதலாளிகள் அறையில் இரண்டு மேஜை, நடுவே பவளப்பாறை வைத்த உப்புத்தண்ணீர்த் தொட்டி. அதில் பெரியவர் ஒரு வரி இறால் வாங்கி விட்டார். அடுத்த வாரமே சின்னவர், மீன் டாக்டரை ஒரு வார்த்தை கேட்காமல், இன்னொன்றை விட்டார். இரண்டும் ஆண். இந்த இறாலில் ஆணும் பெண்ணும் ஜோடியாக ஒற்றுமையாக இருக்கும். இரண்டு ஆணைச் சேர்த்துப் போட்டால் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும்.

சட்டை உரிக்கும்போது புதுக் கை முளைத்துவிடும் என்று அவள் சின்னவரைத் தேற்றிப் பார்த்தாள். சின்னவர் தேறவில்லை.

"என் ஆளு செத்தான்னா கம்பெனியப் பிரிச்சிடலாம் அண்ணே" என்றார் நிதானமாக.

"தாராளமா."

அன்றிலிருந்து பெரியவர் லிஃப்டில் வந்தார். சின்னவர் நான்கு மாடியும் படியேறி வந்தார்.

மீன் டாக்டர் வீட்டுப் பிழைப்பும் இதில் மாட்டியிருந்தது. அவள் புருஷன் அதே கம்பெனியில் மெக்கானிக். கம்பெனி இரண்டானால் மெக்கானிக்குகளில் பாதிப் பேர் வீட்டுக்கு. 'நீ எந்தப் பக்கம்?' என்று இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம்.

தெரிந்த வித்தையையெல்லாம் இறக்கினாள். இரண்டு இடுக்கியால் இரண்டு மூலையிலும் ஒரே நொடியில் தீனி போட்டாள். பாறைகளைக் கலைத்து வேறு மாதிரி அடுக்கினாள். பழைய இடம் அடையாளம் தெரியாவிட்டால் எவனும் 'என் இடம்' என்று கிளம்ப மாட்டான் என்பது தொழில் சூத்திரம். மூன்று நாள் இரண்டும் விலாசம் தொலைத்த விருந்தாளிகள் போல மரியாதையாக உலாவின. நாலாம் நாள் பெரியவரின் ஆள் புதுக் குகையைப் பிடித்துக்கொண்டான். மறுபடி அடிதடி.

கடைசியாக, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றைத் தொட்டியின் நடுவே நிறுத்தினாள். அதுதான் வினையானது. தடுப்பு தன் பக்கம் அரை விரல் தள்ளியிருப்பதாகச் சின்னவர் சொன்னார். லிஃப்ட் குழி அளக்கிற இரண்டு பேர், தரப்புக்கு ஒருவராக, லேசர் கருவியோடு வந்து தொட்டியை அளந்து கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் முதலாளிகள் அறைக்கு நடுவிலும் ஒரு பிளைவுட் தடுப்பு எழும்பியது. தொட்டி இருக்கும் இடத்தில் மட்டும் சதுரமாக ஒரு ஓட்டை.

இனி ஒரே வழி. ஆள் மாறாட்டம்.

வெள்ளிக்கிழமை ஒரு பெண் இறாலோடு வந்தாள். ஸ்டோர் ரூமில் வாளி வைத்து, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு அதைப் பழக்கினாள். முதலாளிகள் சாப்பிடப் போனதும், இரண்டு கையோடு இருந்த பெரியவரின் ஆளைப் பிடித்து டிபன் டப்பாவில் போட்டாள். அவன் இடத்தில், அதே வரி, அதே மீசையோடு இருந்த பெண்ணை இறக்கினாள். டப்பாவோடு திரும்பினால் வாசலில் பெரியவர்.

"என்னம்மா, இன்னிக்கு என்ன சாப்பாடு?"

"இறால்தான் சார்" என்றாள்.

ஒரு வாரம் கழித்துத் தொட்டித் தடுப்பை எடுத்தாள். சின்னவரின் ஒற்றைக் கையன் தயங்கித் தயங்கிக் குகை வாசலுக்குப் போனான். மீசையும் மீசையும் தொட்டுக்கொண்டன. உள்ளே போனவன் வெளியே வரவே இல்லை. பிளைவுட் ஓட்டையில் இந்தப் பக்கம் ஒரு முதலாளி முகம், அந்தப் பக்கம் ஒரு முதலாளி முகம். சாயங்காலமே பிளைவுட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார்கள். சின்னவர் லிஃப்டில் இறங்கினார்.

மூன்றாம் வாரம் பெரியவர் ஃபோன் செய்தார். குரல் அடங்கியிருந்தது.

"உடனே வாம்மா. என் பையன் வயித்துல முட்டை இருக்கு."

போனாள். இரண்டு பேரும் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இறாலின் வயிற்றுக்கடியில் பச்சையாக, கொத்தாக முட்டை. இனி மறைப்பதற்கில்லை. ஆளை மாற்றியதையும், பழையவன் தன் வீட்டுத் தொட்டியில் தனிக்காட்டு ராஜாவாக இருப்பதையும் சொல்லிவிட்டு, திட்டுக்காகக் காத்திருந்தாள்.

சின்னவர்தான் முதலில் சிரித்தார். "அப்ப நாம சகலை மட்டும் இல்ல அண்ணே, சம்பந்தி. நான் மாப்பிள்ளை வீடு. இனிமே நான் வந்தா நீங்க எழுந்து நிக்கணும்."

பெரியவர் தொட்டியை உற்றுப் பார்த்தார். "குகை யாரோடது தம்பி?"

"உங்க ஆளோடது."

"பொண்ணு வீட்டுல வந்து தங்கறவனுக்குப் பேரு வீட்டோட மாப்பிள்ளை. அதுவும் கை இன்னும் முழுசா முளைக்கல. ஒண்ணரைக் கை மாப்பிள்ளை."

சின்னவர் எழுந்தார். சாப்பிட்டு வந்ததும் பிளைவுட்டை மறுபடி நிறுத்த வேண்டும் என்றார். அப்படியே கம்பெனிப் பத்திரத்தையும் எடுத்து வைக்கச் சொன்னார். தாராளமாக நிறுத்தலாம், பத்திரத்தையும் எடுக்கலாம் என்றார் பெரியவர். ஒருவர் லிஃப்டிலும் ஒருவர் படியிலும் போனார்கள்.

மீன் டாக்டர் பாறைகளைப் பார்த்தாள். பிறகு மேஜைகளைப் பார்த்தாள். புருஷனுக்கு ஃபோன் போட்டாள்.

"நாலு பேரைக் கூட்டிட்டு மேல வாங்க. ஏன்னு கேக்காதீங்க."

நாற்பது நிமிடம். ஜன்னலோரம் இருந்தது கதவோரம் போயிற்று. பீரோ திரும்பி நின்றது. நாற்காலிகள் இடம் மாறின. இரண்டு மேஜையையும் ஒட்டிப் போட்டு, மேலே அந்தப் பிளைவுட்டையே படுக்க வைத்தார்கள். தடுப்பாக நின்றது ஒரே நீள மேஜையாகிவிட்டது.

முதலாளிகள் திரும்பி வந்து வாசலிலேயே நின்றார்கள்.

"இதுல என் இடம் எது?" என்றார் பெரியவர்.

"தெரியலியே அண்ணே. நீங்க முதல்ல உக்காருங்க."

"பரவாயில்ல தம்பி, நீ உக்காரு."

யாரும் பத்திரத்தைக் கேட்கவில்லை. மீன் டாக்டர் இரண்டு கையிலும் டீயோடு வந்து, நீள மேஜையின் இரண்டு மூலையிலும் ஒரே நொடியில் வைத்தாள். இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, அடுத்தவர் வீட்டுக்கு வந்தவர்கள் போலப் பதவிசாகக் குடித்தார்கள்.

இது மூன்று நாள்தான் தாங்கும் என்று படியிறங்கும்போது புருஷனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் பராமரிப்பு அட்டையை எடுத்தான். எண்ணெய் போடுவது, கயிறு பார்ப்பது எல்லாவற்றுக்கும் கீழே எழுதிக்கொண்டான்: மூன்று நாளைக்கு ஒரு தடவை, முதலாளிகள் மேஜை.