மூன்று தண்ணீர்

ஓஹையோ சமவெளியிலிருந்து கென்டக்கி மலைக்கு மர மில் வேலைக்கு வந்த ஓரினுக்கு நாற்பத்தெட்டு வயது. பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை. கணவனை இழந்த ஆர்டித்தைக் கல்யாணத்துக்குக் கேட்கவேண்டும் என்று கிளம்பிப் போவான்; மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்புவான். அவளுக்கோ வாய் கொஞ்சம் நீளம். வசந்தம் பிறந்ததும் சர்ச் விருந்தில் அவள் சொன்னாள்: "யாராச்சும் எனக்கு போக் சாலட் குடுத்தா, சொத்தையே எழுதி வச்சிடுவேன்."

போதாதா? மறுநாளே முள்ளில் கையைக் கீறிக்கொண்டு, வேலியோரம் தானாக முளைக்கும் போக் என்ற காட்டுக்கீரையைத் தளிராகப் பார்த்துக் கிள்ளினான். வேரும் சிவந்த தண்டும் விஷம் என்று மில்லில் சொல்லியிருந்தார்கள். கழுவி, வெங்காயம் நறுக்கிப் போட்டு, வினிகர் தெளித்து எடுத்துப்போனான். அந்த மலையில் வேகவைத்த கீரைக்கும் சாலட் என்றுதான் பேர். எல்லாருக்கும் தெரிந்ததை அவனுக்கு யார் சொல்வார்கள்?

ஆர்டித் மூடியைத் திறந்ததும் அலறினாள்.

"இதைத் தின்னீங்களா?"

"இல்ல. எல்லாம் உங்களுக்குத்தான்."

"நல்லவேளை! பச்சையா தின்னா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருளணும். என்னைக் கொல்ல வந்தீங்களா, கட்டிக்க வந்தீங்களா?"

"ரெண்டாவதுக்குத்தான்."

வாய் தவறி வந்துவிட்டது. ஓரினுக்குக் காது வரை சிவந்தது. மானம் போயிற்றே என்று கிளம்பத் தொப்பியை எடுத்தான்.

அவள் தளிர்களைப் புரட்டிப் பார்த்தாள். ஒன்றில்கூடச் சிவப்பு இல்லை.

"கிள்ளத் தெரிஞ்சிருக்கு. உட்காருங்க. மூணு தண்ணி கொதிக்க வச்சுக் கொட்டணும், அப்புறம்தான் பன்றிக் கொழுப்புல வதக்கணும்."

முதல் தண்ணீர் கொதிக்கும்வரை அவன் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான். இரண்டாவதில், மில்லில் மரத்துக்குப் பதிலாகத் தன் கோட்டின் கையையே அறுத்துக்கொண்ட கதையைச் சொன்னான். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மூன்றாவது தண்ணீரையும் கொட்டினாள். கேட்டதற்குப் பதில் மட்டும் வரவில்லை. சாப்பிட வைத்து அனுப்பிவிடப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

ஆர்டித் பானையில் மறுபடி தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தாள்.

"மூணுதானே சொன்னீங்க?"

"எண்ணிக்கிட்டா இருந்தீங்க?" அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "தொப்பியை அந்த ஆணியில மாட்டுங்க."