மைனஸ் ஒன்று

"மொத்தம் சரியா வந்துடுச்சா, இல்லையா?" வாரக்கணக்காக எங்கள் மேலாளர் கேட்டுக்கொண்டிருந்தது இது ஒன்றைத்தான். வந்துவிட்டதுதான். ஆஸ்பத்திரியின் பழைய புரோகிராமில் இருந்த நோயாளிகள் அத்தனை பேரும் புதியதற்கு வந்துவிட்டார்கள், ஒரு ஆள் குறையவில்லை. ஆள் வந்தால் மட்டும் போதுமா?

"ஒவ்வொரு கட்டமும் எந்த வகைன்னு பாத்து மாத்தணும் சார். தேதி தேதியா வரணும், எண் எண்ணா வரணும், ஆமா-இல்லை ஆமா-இல்லையாவே வரணும்" என்று தொண்டைத் தண்ணி வற்றக் கத்தினேன்.

"அதெல்லாம் புது புரோகிராம் போடுற கம்பெனிக்காரங்க பாத்துப்பாங்க. நீ சும்மா நொட்டை சொல்லிக்கிட்டு இருக்காதம்மா."

அவர்கள் பார்த்த லட்சணம் இன்று காலைதான் தெரிந்தது.

புதிய புரோகிராமுக்கு முதல் நாள். கீழ்த்தளத்தில், ஏசி சொட்டுகிற தண்ணீருக்கு வாளி வைத்த என் அறையில் உட்கார்ந்து, ஏதாவது ஒரு பேரைத் தட்டிப் பார்ப்போமே என்று என் மாமனார் பேரைத் தட்டினேன். முழங்கால் ஆபரேஷனுக்காக அவர் மேல்மாடி வார்டில் படுத்திருந்தார். பென்சிலின் அவருக்கு ஆகவே ஆகாது. முன்பு ஒரு தடவை போட்டு, முகம் வீங்கி, மூச்சுத் திணறிச் செத்துப் பிழைத்த மனுஷன்.

திரை சொன்னது: பென்சிலின் ஒவ்வாமை, இல்லை.

அடப் பாவிகளா!

பழையதைத் திறந்தேன். ஆம் என்றே இருந்தது. உள்ளே நோண்டியதும் விஷயம் புரிந்துவிட்டது. பழைய புரோகிராம் 'ஆம்' என்பதை மைனஸ் ஒன்று என்று எழுதி வைக்கும், அதன் பழக்கம் அப்படி. புதியதற்கு வெறும் ஒன்று என்றால்தான் 'ஆம்'. வேறு எது வந்தாலும் 'இல்லை'. கம்பெனிக்காரர்கள் அந்தக் கட்டத்தை எண் என்று நினைத்து, மைனஸ் ஒன்றை அலுங்காமல் குலுங்காமல் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். ஆக, இந்த ஆஸ்பத்திரியில் இனி ஒருத்தருக்கும் எந்த மருந்தும் ஒவ்வாமல் போகாது.

வார்டில் போனை எடுக்கவில்லை. மேலாளருக்குப் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"ஒருத்தருக்குத் தப்பா இருந்தா, அந்த ஒருத்தரை மட்டும் திருத்திடேன்மா."

"எல்லாருக்கும் தப்பு சார்! மேல ஊசி போடுறத நிறுத்தச் சொல்லுங்க!"

"முதல் நாளே மானத்தை வாங்காத. மொத்தம் சரியாத்தானே இருக்கு?"

இந்த மனுஷனோடு மாரடிக்க எனக்கு நேரமில்லை. போனை வைத்துவிட்டுப் படியேறி ஓடினேன். லிஃப்ட் வரவில்லை. அது என்றைக்கு வந்தது?

மூச்சிரைக்க வார்டுக்குள் நுழைந்தபோது, சிஸ்டர் மாமாவின் கையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போடாதீங்க! அவருக்கு பென்சிலின் ஆகாது!"

சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். "வார்டுல எல்லார்கிட்டயும் முதல்ல கேட்டுட்டுத்தான் போட வந்தேன். அவரே ஒண்ணும் இல்லைன்னுட்டாரே."

"மாமா! உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா?" அவரிடம் நான் இப்படிப் பேசியதே இல்லை.

"கோவிச்சுக்காதம்மா. ஆகாதுன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். கம்ப்யூட்டர்ல இல்லைன்னு இருக்கேன்னாங்க. என் மருமக பாக்குற கம்ப்யூட்டராச்சே, அதுல தப்பு இருக்காதுன்னு நானே இவங்களுக்குச் சொன்னேன். வயசானதுல அது தானாவே சரியாப் போச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இதுக்கு முன்னாடி யாருக்குப் போட்டீங்க சிஸ்டர்?"

சிஸ்டர் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். அங்கே படுத்திருந்தவர் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். உதடு தடித்திருந்தது.

"எனக்கு ஆகாதுன்னு நானும் சொன்னேன்" என்றார். குரல் கம்மியிருந்தது. "பெரியவரு சொன்னதைக் கேட்டு, சரி, கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு கையை நீட்டிட்டேன்."

சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட்டபடி ஓடினார். பக்கத்துக் கட்டில்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மூச்சு இழுத்தது.

"அந்த மருமக நீங்கதானாம்மா?"